பல்லுக்குப் போட்ட உறை எத்தனை வருஷம் தாங்கும்?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தங்கப்பல் தெரியாமல் இருக்காது. முன்வாயில் மஞ்சளாக ஒன்று மின்ன, பிரட்டுக்களத்தில் அதட்டிக்கொண்டு நின்ற கங்காணியையோ, கல்யாண வீட்டில் சிரித்த முகமாய்ப் பந்தி விசாரித்த பெரியம்மாவையோ உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். சம்பளம் போட்ட மறுநாள் ஈப்போவுக்கோ சுங்கை சிப்புட்டுக்கோ பஸ் ஏறிப்போய்ப் பல்லுக்குத் தங்கம் கட்டிக்கொண்டு வருவது அந்நாளில் ஒரு கௌரவம்.

இன்று கௌரவத்துக்காக யாரும் கட்டுவதில்லை. கடைவாய்ப் பல் வலிக்கிறதென்று போனால், "பல்லைக் காப்பாற்றலாம், வேர் சிகிச்சை செய்து உறை போட வேண்டும்" என்கிறார் டாக்டர். ‘கிரௌன்’, ‘கேப்’ என்று சொல்வதெல்லாம் இந்த உறையைத்தான். தனியார் கிளினிக்கில் ஒரு பல்லுக்கு ஆயிரம் வெள்ளியை ஒட்டியும் ஆகும், அதற்கு மேலும் ஆகும். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 1,700 வெள்ளிதான் என்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு மாத உழைப்பில் பாதிக்கு மேல் வாய்க்குள் போகிறது. ஆகவே "இது எத்தனை வருஷம் வரும் டாக்டர்?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கேட்கத்தான் வேண்டும்.

பதில் இதுதான். நல்ல முறையில் போட்ட உறை பத்துப் பதினைந்து வருஷம் தாராளமாக வரும். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், நூறு உறை போட்டால் ஐந்து வருஷம் கழித்து ஏறக்குறைய 95 உறை வாயில் இருக்கிறது என்கிறார்கள். இருபது, முப்பது வருஷம் வருவதும் உண்டு. அமெரிக்காவில் ஒரே டாக்டர் வார்த்துப் பொருத்திய 1,314 தங்க வேலைகளைப் பின்னால் சோதித்து 2004-ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அவற்றில் சில 52 வருஷம் வாயில் இருந்தவை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து நல்ல நிலையில் இருந்தன. அது தங்கத்தின் பெருமை மட்டுமல்ல. கை சுத்தமான ஒரு வேலைக்காரரின் பெருமையும்கூட. அதே தங்கத்தைக் கட்டிய நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு உள்ளே பல் அழுகிப் போனதே, அது ஏன்?

இங்கேதான் விஷயம் இருக்கிறது. உறை சொத்தையாவதில்லை. தங்கமோ பீங்கானோ புழு அரிக்காது. (சொத்தைக்குக் காரணம் புழுவே அல்ல, கண்ணுக்குத் தெரியாத கிருமி. ஆனாலும் நம் வாயில் அந்தச் சொல் வந்துவிடுகிறது.) அழுகுவது உறைக்கு அடியில் இருக்கும் உங்கள் சொந்தப் பல். லயத்து வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டாச்சு, ஆனால் தூணைக் கரையான் தின்னுகிறது என்றால் கூரை எத்தனை நாள் நிற்கும்? அந்தக் கரையான் நுழையும் இடம், உறையின் ஓரமும் பல்லும் ஈறும் சேரும் கோடு. உறை போட்டவர்கள் ஒவ்வொரு நாளும் காக்க வேண்டியது அந்தக் கோட்டைத்தான்.

அந்நாளில் கட்டிய தங்கம் பெரும்பாலும் மெல்லிய தகடு. அதைக் குப்பி மாதிரி அழுத்தி, நல்ல பல்லின் மேலேயே மாட்டிவிடுவார்கள். ஓரம் பல்லோடு ஒட்டி உட்காராது. ஈறுக்கும் தகட்டுக்கும் நடுவில் சோற்றுப் பருக்கை போய் உட்காரும், ஈறு வீங்கும், வாய் நாறும், உள்ளே பல் கரையும். வெளியே மட்டும் தங்கம் பளபளவென்று இருக்கும். 1948-இல் பல் வைத்தியர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமல் கைத்தொழிலாகப் பழகியவர்களையும் தனிப் பிரிவில் சேர்த்துக்கொண்டார்கள். நாட்டில் பட்டம் பெற்ற டாக்டர்கள் அவ்வளவு குறைவு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியதே 1972-இல்தான். ஆகவே நம் பெரியவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பல் வலி என்றால் தோட்டத்து டிரெஸரிடம் போய்ப் பிடுங்குவது, பணம் இருந்தால் பட்டணத்தில் தங்கம் கட்டுவது, இந்த இரண்டைத் தவிர அவர்களுக்கு வேறு வழி எங்கே இருந்தது?

இப்போது உறை போடுவதற்கு முன் பல்லைச் சுற்றிலும் சீவுவார்கள். உலோகம் என்றால் மேல்பக்கம் ஒரு மில்லிமீட்டர் அல்லது ஒன்றரை, பீங்கான் என்றால் ஒன்றரையிலிருந்து இரண்டு. பால் வெட்டுகிறவர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கத்தி ஆழமாக இறங்கினால் மரத்தில் காயம். மரப்பட்டையாவது சில வருஷம் போனால் மறுபடி வளரும். சீவிய பல் வளராது. அதனால் வெறும் அழகுக்காக நல்ல பல்லைச் சீவி உறை போடச் சொன்னால் யோசியுங்கள். சிறு சொத்தைக்கு அடைப்பே போதும்.

வேர் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல் வேறு கதை. அது உள்ளே குடைந்த பல். மெல்லும்போது பிளந்துவிடும். வேர் சிகிச்சைக்குப் பிறகு உறை போடாத பற்கள், உறை போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக 2002-இல் ஓர் ஆய்வு சொன்னது. "வலி நின்னு போச்சு, இனி எதுக்குச் செலவு" என்று பாதியில் நிறுத்திவிடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். வேர் சிகிச்சைக்குக் கொடுத்த காசும் போய், பல்லும் போகும். முன்பல்லுக்கு எப்போதும் உறை தேவைப்படாது, அதை டாக்டர் பார்த்துச் சொல்வார்.

இன்னொன்றையும் முதலிலேயே கேளுங்கள்: "ஈறுக்கு மேலே நல்ல பல் எவ்வளவு மிச்சம் இருக்கு?" சுற்றிலும் ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டராவது சொந்தப் பல் இருந்தால்தான் உறைக்குப் பிடி கிடைக்கும். அதுவும் இல்லாத பல்லில் எத்தனை விலை உயர்ந்த உறையும் நிற்காது. அப்படிப்பட்ட பல்லைப் பிடுங்கிக் கட்டுப்பல் வைத்துக்கொள்வதே மேல் என்று நேர்மையான டாக்டர் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் உங்கள் ஆயிரம் வெள்ளியைக் காப்பாற்றுகிறார்.

எந்த உறை நல்லது என்றால், கடைவாய்க்கு முழு உலோகம் நன்றாக உழைக்கும். உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது பார்வைக்கு நன்று, ஆனால் பீங்கான் சில்லு பெயரலாம். இப்போது சிர்கோனியா என்ற வெள்ளை உறை வந்திருக்கிறது, உறுதியானது. பொருளைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்பது என் எண்ணம். ஓரம் சரியாக உட்கார்ந்ததா, எதிர்ப்பல்லோடு உயரம் ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம். உறை போட்டபின் அந்தப் பல் மட்டும் முதலில் இடிக்கிறது என்று தோன்றினால், "பழகிடும்" என்று வீட்டுக்கு வந்துவிடாதீர்கள். அன்றே சொல்லித் தேய்த்துச் சரிசெய்து வாருங்கள்.

அப்புறம் நம் பழக்கங்கள். விடியற்காலையில் வேலைக்குப் போகும்போது போத்தலில் கெட்டிப்பால் கலந்த தேத்தண்ணி, அதை மத்தியானம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பது. ஒரே மூச்சில் குடித்து வாயைக் கொப்பளித்தால் பல்லுக்கு ஒரு தரம்தான் சோதனை. வாய்க்கு வாய் குடித்தால் உறையின் ஓரம் காலை முழுதும் சர்க்கரையில் ஊறுகிறது. சாம்பல், கரி, செங்கல் தூள் வைத்துத் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். ஈறு ஓரத்தில் வேர் வெளியே தெரிந்தால் அந்தத் தூள் அதை அறுத்துவிடும். மெத்தென்ற பிரஷ், ஃபுளோரைடு சேர்ந்த பற்பசை, இரவு படுக்குமுன் கட்டாயம் ஒரு தரம். பல்லிடுக்குக்குப் பல் நூல் உண்டு, மருந்துக் கடையில் கேளுங்கள். நூலை உறையின் ஓரத்தில் விட்டு மெல்ல இழுத்தெடுங்கள்.

நண்டு ஓடு, எலும்பு, ஐஸ் கட்டி, போத்தல் மூடி இதெல்லாம் பல்லால் உடைக்கிற சாமான் அல்ல. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லி வைக்க வேண்டும். தங்களுக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருக்கும் வீட்டுக்காரருக்கோ வீட்டுக்காரிக்கோதான் தெரியும். இரவில் மாட்டிக்கொள்ள ஒரு தகடு செய்து கொடுப்பார்கள்.

வெற்றிலை பாக்கைப் பற்றிச் சொன்னால் பாட்டிமார்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது. கொட்டைப்பாக்கு பல்லையும் உறையையும் தேய்க்கும். சுண்ணாம்போடு சேர்ந்து ஈறு ஓரத்தில் காரை ஏறும். உறை போவது ஒருபக்கம் இருக்கட்டும். புகையிலை சேர்த்த வெற்றிலை வாய்ப்புற்றுக்குக் காரணம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1985-லேயே சொல்லிவிட்டது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதும் என்று 2004-இல் அறிவித்தது. கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையோ சிவப்போ படை, ஆறாத புண் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் உறையைப் பற்றி யோசிக்காமல் உடனே கிளினிக்குக்குப் போங்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2019-இல் அரசாங்கம் எடுத்த சுகாதார ஆய்வில், இந்நாட்டு இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்கு மேல் அது இருந்தது. மூன்று இனத்திலும் நாம்தான் முதல். சர்க்கரை ஏறினால் ஈறு தளரும், எலும்பு கரையும், உறையோடு பல்லே ஆடும். இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுப்படுத்தியபின் உறை போடுவது புத்திசாலித்தனம்.

மலிவாகப் போடுகிறோம் என்று வீட்டிலும் ஓட்டல் அறையிலும் பல் வேலை செய்கிறவர்களிடம் போகாதீர்கள். 2017-இல் மலாக்காவில் அப்படிப் பல்லுக்குக் கம்பி கட்டிய, படிப்பில்லாத ஓர் இளம் பெண்ணுக்கு நீதிமன்றம் 70,000 வெள்ளி அபராதம் போட்டது. அபராதம் அரசாங்கத்துக்குப் போகும். கெட்ட பல் உங்களிடம்தான் இருக்கும். டாக்டரின் பதிவு, அந்த வருஷத்துத் தொழில் சான்றிதழ் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அரசாங்கப் பல் கிளினிக்கில் பார்ப்பது, அடைப்பது, பிடுங்குவது எல்லாம் மிகக் குறைந்த செலவு. உறைக்குப் பெரும்பாலும் நிபுணரிடம் எழுதி அனுப்புவார்கள், காத்திருக்க நேரும். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பதில் நஷ்டமில்லை, அதுவரை தற்காலிகமாக அடைத்து வைப்பார்களா என்று கேளுங்கள்.

வேலையில் விழுந்தோ குலை, மட்டை அடித்தோ பல் உடைந்தால் அது வேலை விபத்து. நிர்வாகம் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். "பல்லுதானே" என்று விட்டுவிடாமல் அன்றே கிராணியிடம் எழுதி வைக்கச் சொல்லுங்கள், கிளைச் செயலாளரிடமும் சொல்லுங்கள்.

உறை கழன்று விழுந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள். கழுவி, சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள். கடையில் விற்கும் பசை போட்டு நீங்களே ஒட்டவே கூடாது. ஓரம் மாறி உட்கார்ந்து உள்ளே இருக்கும் பல்லைக் கெடுத்துவிடும். உள்ளே பல் நன்றாக இருந்தால் அதே உறையை டாக்டர் மறுபடி ஒட்டித் தருவார், புது உறைக்கு ஆகும் செலவு இராது. விழுங்கிவிட்டால் பெரும்பாலும் தானாக வெளியே போய்விடும். ஆனால் விழுங்கிய பிறகு இருமல் நிற்காமல், மூச்சு இழுத்தால் அது நெஞ்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். அப்போது பல் கிளினிக்கைத் தேடாமல் நேரே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.