வண்ண இலை ஊசிகலா



நீலகிரிக்கு வருவோர் மலர்களைக் காணவே பெரிதும் விரும்பி வருகின்றனர். ஆயினும் மலரின் வாழ்வு சில நாட்களே. இலையோ பல மாதங்கள் செடியில் நிற்பது. ஆதலால் இலையே மலர்போல் நிறங்காட்டும் செடிகளைத் தோட்டக்கலைஞர் நெடுங்காலமாகத் தேடி வந்திருக்கின்றனர். சமவெளியின் வீட்டு முற்றங்களில் அப்பணியைக் குரோட்டன்ஸ் செடி செய்கிறது. உறைபனி விழும் மலைநாட்டில் குரோட்டன்ஸ் தாங்காது. குளிர்நாடுகளில் அதன் இடத்தை நிரப்பியிருக்கும் செடிகளுள் பார்பெரி என்னும் முட்புதர் ஒன்று. அதில் புதிய வண்ண வகைகளை எவ்வாறு உண்டாக்குகின்றனர், நம் மலைக்கு அது தக்கதா என்னும் இரண்டையும் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன்.

பார்பெரியைத் தாவர நூலார் பெர்பெரிஸ் என்பர். இக்குலத்தில் 400க்கு மேற்பட்ட இனங்கள் உலகில் உள்ளன. கிளையிலுள்ள முள், உண்மையில் உருமாறிய இலையே. பட்டையைக் கீறினால் உள்ளே மஞ்சள் நிறம் தோன்றும். அதற்குக் காரணம் பெர்பெரின் என்னும் கசப்புப் பொருள். நம் நீலகிரிக்கும் இக்குலத்தில் சொந்தச் செடி ஒன்று உண்டு. அதைத் தமிழில் ஊசிகலா என்றும், படகர் மொழியில் ஜக்கலா என்றும் வழங்குவர். அதன் தாவரப் பெயர் பெர்பெரிஸ் டிங்டோரியா. டிங்டோரியா என்னும் லத்தீன் சொல்லுக்குச் சாயத்துக்கு உதவுவது என்று பொருள். புதுச்சேரியில் இருந்துகொண்டு தென்னாட்டுத் தாவரங்களைத் திரட்டிய லெஷெனோ என்னும் பிரெஞ்சு அறிஞர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இட்ட பெயர் அது.

உதகையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், 2000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் அவலாஞ்சியில் இச்செடியைக் காணலாம். அடர்ந்த சோலையின் உட்புறத்தில் அன்று. சோலை முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரத்தில், வெயிலும் காற்றும் படுமிடத்தில் அது செழிக்கிறது. மஞ்சள் நிறப் பூங்கொத்துகளையும், பின்னர் கருநீலப் பழங்களையும் தருகிறது. மலைவாழ் மக்கள் அப்பழத்தை உண்பர். சின்னான் முதலிய பறவைகளும் உண்டு, விதையை வேறிடங்களில் இட்டுச் செல்கின்றன. இந்தப் பறவையின் செயலை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் பேசப்போகும் பொருளின் முடிச்சு அதில்தான் இருக்கிறது.

தோட்டங்களில் புகழ்பெற்ற பார்பெரி நம்முடையது அன்று. ஜப்பான் நாட்டுப் பெர்பெரிஸ் துன்பெர்ஜியை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜப்பானுக்குச் சென்று தாவரங்களை ஆராய்ந்த துன்பெர்க் என்னும் சுவீடன் நாட்டு அறிஞரின் பெயரால் அது வழங்குகிறது. 1875ஆம் ஆண்டில் அதன் விதைகள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து ஆர்னால்டு தாவரத் தோட்டத்தை அடைந்தன. அதன் இயற்கை இலை பச்சையே. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சு நாட்டின் ஓர்லியான் நகரத்துச் செடிப்பண்ணையொன்றில், இலை முழுதும் கருஞ்சிவப்பான வகை ஒன்று வெளிப்பட்டது. அதனை அட்ரோபர்ப்யூரியா என்று அழைத்தனர். 1942இல் ஆலந்து நாட்டுப் பாஸ்கூப் என்னும் ஊரில், முழங்கால் உயரமும் எட்டாத குறுஞ்செடி வகை ஒன்று கிடைத்தது; அதுவே கிரிம்சன் பிக்மி. இன்று காணும் செந்நிற, பொன்னிற, புள்ளியிட்ட வகைகள் பல இவற்றின் வழித்தோன்றல்களே.

இலை சிவப்பதன் காரணம் யாது? ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள் இலையில் மிகுவதே. மாந்தளிரின் செம்மையும் இப்பொருளால் ஆனதே. மாவில் அது தளிர்ப் பருவத்தோடு மறைந்துவிடுகிறது. செந்நிறப் பார்பெரியிலோ இலை முதிர்ந்த பின்னரும் நிலைக்கிறது. ஆனால் அதற்கு நல்ல வெயில் வேண்டும். நிழலில் நட்டால் செம்மை குன்றிப் பச்சை தலையெடுக்கும். பொன்னிற வகைகளிலோ பச்சையம் குறைந்திருப்பதால் மஞ்சள் தெரிகிறது. அவ்விலைகள் கடும் வெயிலில் கருகவும் கூடும்.

இனிப் புதுவகை உண்டாக்கும் முறையைப் பார்ப்போம். பார்பெரியின் பூவில் ஆறு மகரந்தத் தாள்கள் உண்டு. வண்டோ தேனீயோ தேனை நாடி அவற்றின் அடியைத் தொட்டதும், தாள் சட்டென உள்நோக்கி மடங்கி, வந்த விருந்தாளியின் உடம்பில் மகரந்தத்தை அப்பிவிடும். ஓர் ஊசி முனையால் தொட்டும் இவ்வியப்பைக் காணலாம். செடி வளர்ப்போர் பூ விரியுமுன் தாய்ப்பூவின் ஆறு தாள்களையும் கிள்ளி அகற்றிவிட்டு, தாம் தேர்ந்த மற்றொரு செடியின் மகரந்தத்தைச் சூலக முடியில் தடவி, பூச்சி அணுகாமல் பை கட்டி வைக்கின்றனர்.

பழுத்த பின் எடுத்த விதை உடனே முளைக்காது. இரண்டு மூன்று மாதங்கள் ஈரக்குளிரில் கிடந்தாலன்றி அதன் உறக்கம் கலையாது. முளைத்த நாற்றுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. செந்நிறத் தாயின் பிள்ளைகளுள் சில செம்மையாகவும் சில பச்சையாகவும் தோன்றும். நூற்றுக்கணக்கானவற்றில் ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து, அவற்றை விதையால் அன்றிப் போத்துகளை வெட்டி நட்டே பெருக்க வேண்டும். அப்பொழுதுதான் ஒவ்வொரு செடியும் மூலச்செடியின் மறுபதிப்பாக இருக்கும். பின்னர்ப் பல இடங்களில் நட்டு, நிறம் நிலைக்கிறதா, பனி தாங்குகிறதா, நோய் அணுகுகிறதா என்று சில ஆண்டுகள் நோக்க வேண்டும். இவ்வாறு ஒரு வகையை உருவாக்கப் பத்தாண்டுகள் கழிவது வியப்பன்று.

இவ்வளவு பாடுபட்டு நிறத்தைப் பெற்றுவிட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. இரண்டு கேள்விகளுக்கு அச்செடி விடை சொல்ல வேண்டும்.

முதற் கேள்வி உழவருடையது. பார்பெரி என்னும் பெயரைக் கேட்டாலே மேல்நாட்டுக் கோதுமை விவசாயிகள் அஞ்சிய காலம் உண்டு. கோதுமைத் தண்டில் வரும் கருந்துரு நோயின் பூசணம், தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கோதுமையிலும் மற்றொரு பகுதியைப் பார்பெரி இலையிலும் கழிக்கிறது என்பதை 1865இல் டி பாரி என்னும் செருமானிய அறிஞர் மெய்ப்பித்தார். பார்பெரியில் தங்கும்போதே பூசணத்தின் இனக்கலப்பு நிகழ்ந்து, புதிய புதிய நோய் வகைகள் பிறக்கின்றன. அதனால் 1918 முதல் அமெரிக்காவில் ஐரோப்பியப் பார்பெரிப் புதர்களைப் பெருந்தொகையில் வேரோடு அழித்தனர். ஜப்பான் பார்பெரி துருவை எதிர்த்து நிற்பது; ஆயினும் ஒவ்வொரு புதுவகையையும் சோதித்த பின்னரே விற்கலாம் என்னும் விதி அங்கே ஏற்பட்டது.

நம் நாட்டில் நிலைமை வேறு. ஆக்ரா கல்லூரிப் பேராசிரியர் கே. சி. மேத்தா, கோதுமைத் துருவை ஆண்டுதோறும் இங்குப் புதுப்பிப்பது பார்பெரி அன்று என்று பல்லாண்டு ஆய்வால் கண்டறிந்தார். சமவெளியின் கோடை வெப்பத்தில் மாய்ந்துவிடும் துரு, இமயத்திலும் நீலகிரி, பழனி மலைகளிலும் கோதுமைப் பயிரிலேயே உயிர்தாங்கி இருந்து, பின்னர்க் காற்றின்வழி கீழே இறங்குகிறது என்பது அவர் காட்டிய உண்மை. இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகம் 1954இல் குன்னூரை அடுத்த வெல்லிங்டனில் கோதுமை நிலையம் ஒன்றை நிறுவியதும், துருவை எதிர்க்கும் கோதுமை வகைகளை இம்மலையில் வளர்த்துச் சோதிப்பதும் இதையொட்டியே. துருவுக்கு வீடாக விளங்கும் மலையில், அப்பூசணத்துக்கு இனக்கலப்பு மேடையாகக் கூடிய செடியைச் சோதனையின்றி நடலாகாது என்பது எளிதில் விளங்கும்.

இரண்டாவது கேள்வி காட்டினுடையது. ஜப்பான் பார்பெரி அமெரிக்கத் தோட்டங்களிலிருந்து பறவைகளின் துணையால் காடேறிவிட்டது. மரங்களின் அடியில் முட்புதராக அடர்ந்து பிற செடிகளை நெருக்குகிறது. நோய் பரப்பும் உண்ணிகளுக்கும் புகலிடமாகிறது. அதனால் சில மாநிலங்கள் அதன் விற்பனையைத் தடைசெய்துள்ளன. பென்சில்வேனியா மாநிலம் 2021இல் அதனைத் தீய களைகளின் பட்டியலில் சேர்த்தது.

நீலகிரிக்கு இது புதிய கதை அன்று. ஸ்காட்ச் புரூம், கார்ஸ் என்னும் மஞ்சட்பூச் செடிகளை ஐரோப்பியர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழகுக்காகவும் வேலிக்காகவும் கொணர்ந்தனர். சீகை மரத்தைத் தோல் பதனிடும் பட்டைக்காகவும் விறகுக்காகவும் நட்டனர். இன்று இவை அவலாஞ்சியையும் மேல்பவானியையும் சூழ்ந்த மலைப்பகுதிகளில் புல்வெளியை விழுங்கி நிற்கின்றன. 2022இல் தமிழக அரசு அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றக் கொள்கையொன்றை வகுக்கும் நிலை வந்தது. அவலாஞ்சியோ 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கண்ட இடம். அங்கே பறவை விட்ட விதையை ஓடை கொண்டுசெல்லும். ஓடை விட்டதை வெள்ளம் கொண்டுசெல்லும்.

இதற்குச் செடி வளர்ப்போர் கண்ட பரிகாரம் யாது? விதையற்ற செடியை உண்டாக்குவதே. நாம் உண்ணும் பூவன், ரஸ்தாளி வாழைகளில் விதை இல்லை; காரணம், அவற்றின் குரோமோசோம் தொகுதி இரண்டாக அன்றி மூன்றாக இருப்பது. பார்பெரிக்கு இயல்பாக உள்ளவை 28 குரோமோசோம்கள். கொல்ச்சிசின் போன்ற மருந்தைத் தளிர்முனையில் இட்டால் அவ்வெண்ணிக்கை 56 ஆக இரட்டிக்கக்கூடும். அவ்வாறு இரட்டித்த செடியை இயல்பான செடியோடு கலந்தால் 42 குரோமோசோம்கள் உடைய பிள்ளை பிறக்கும். அவை இரட்டையாக இணைய இயலாமையால் வாழையைப்போல் விதை பெரும்பாலும் அமையாது. கொல்ச்சிசின் நமக்கு அயலான பொருள் அன்று. நம் மாநில மலராகிய செங்காந்தளின் விதையில் இருப்பது அதுவே. அதற்காகவே மூலனூர்ப் பக்கத்து உழவர் காந்தளைப் பயிரிடுகின்றனர். கொடிய நஞ்சாதலால் பயிற்சி பெற்றோரே அதனைக் கையாள வேண்டும்.

இவ்வழியில் பெரிதும் உழைத்தவர் அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராண்டு. முதலில் அவரும் அவர்தம் குழுவினரும் செய்தது மிக எளிய வேலை: தோட்டங்களில் நிற்கும் செடிகளின் விதைகளை எண்ணினர். செந்நிற அட்ரோபர்ப்யூரியா ஒரு செடிக்குச் சுமார் 3000 விதைகள் தந்தது. கிரிம்சன் பிக்மியோ நூற்றுக்கும் குறைவாகவே தந்தது. பின்னர்க் கிரிம்சன் பிக்மியின் குரோமோசோம்களை இரட்டித்து, விதை அநேகமாக இல்லாத கிரிம்சன் கியூட்டி என்னும் வகையை உருவாக்கினர். நிறத்தை மட்டும் நோக்கிய பழைய வளர்ப்பாளர் எண்ணாததை இவர்கள் எண்ணினர், வேறுபாடு அவ்வளவே.

நம் மலைக்கு ஒரு வண்ணப் பார்பெரி வேண்டுமாயின், என் கருத்து இது. ஜப்பான் செடியைக் கொணர்தல் வேண்டா. விதையை அடக்கினாலும் அதன் மகரந்தம் ஊசிகலாவின் பூவை அடையலாம். பார்பெரி இனங்கள் ஒன்றோடொன்று கலக்கும் இயல்பின என்பதற்கு மேல்நாட்டுத் தோட்டங்களில் சான்றுகள் பல உள. கலப்பு ஒருமுறை காடேறிவிட்டால், நம் சொந்தச் செடியைத் தூய நிலையில் மீட்பது அரிது. ஊசிகலாவிலேயே தேர்வு செய்வதுதான் தக்க வழி. அவலாஞ்சியில் நான் கண்ட சில புதர்களின் முதிர்ந்த இலைகள் நல்ல செம்மை ஏறியிருந்தன; பக்கத்துப் புதர்களோ பச்சையாகவே நின்றன. அவ்வேறுபாடு மண்ணால் வந்ததா, பிறப்பால் வந்ததா என்பதை ஒரே பாத்தியில் நட்டுப் பார்த்தால் சில ஆண்டுகளில் அறியலாம். அப்பகுதி காப்புக்காடு ஆதலின், வனத்துறையின் அனுமதியோடு சிறு போத்துகளை மட்டுமே எடுக்க வேண்டும், செடியைப் பிடுங்கலாகாது. தேர்ந்த செடியைத் துருநோய்க்கு உட்படுத்திச் சோதித்த பின்னரே வெளியிட வேண்டும்.

இவ்வழி மெதுவானது, ஆலந்து நாட்டுச் செடியின் குருதிச் செம்மை இதில் கிட்டாமலும் போகலாம். ஆனால் அதன் விதை ஒன்று பறவையின் வயிற்றில் ஏறிச் சோலை ஓரத்தில் விழுந்தால், அங்கே முளைப்பது ஏற்கெனவே அவ்விடத்துக்கு உரிய ஊசிகலாவாகவே இருக்கும். தோட்டம் வைத்திருக்கும் நேயர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். செடிப்பண்ணையில் புதிய வண்ணச் செடி எதையேனும் காணும்போது அதன் விலையையும் நிறத்தையும் மட்டும் கேளாதீர்கள். பழம் காய்க்குமா, அதைப் பறவை உண்ணுமா என்றும் கேளுங்கள். விடை தெரியாத செடியை மலைத்தோட்டத்தில் நடாமல் இருப்பதே நலம்.