வாதமா, சாட்சியமா?

தராசு இல்லாமல் வியாபாரம் நடப்பதில்லை. வாங்குபவரும் விற்பவரும் விலையில் எத்தனை மாறுபட்டாலும், எடைக்கல்லை இருவரும் ஒப்புக்கொண்டாக வேண்டும். கல்லையே ஒப்பாதவரிடம் நாள் முழுதும் பேரம் பேசினாலும் சரக்கு கைமாறாது. அரசியல் விவாதமும் இத்தகையதே. வரி கூடுதலா குறைவா, ஆட்சி நல்லதா கெட்டதா என்பன கருத்துக்கள். இவற்றில் மாறுபடுவது மனித இயல்பு. ஆனால், நடந்த ஒன்றை நடக்கவேயில்லை என்று சாதிப்பவரிடம் என்ன பேசுவது? பேசத்தான் வேண்டுமா, அன்றி எழுந்து போய்விடுவதுதான் அறிவுடைமையா?

உறவினர் கூடும் திருமண வீட்டிலும், தொழுகை முடிந்து நண்பர்கள் நிற்கும் பள்ளிவாசல் முற்றத்திலும் இக்கேள்வியை நீங்கள் சந்தித்திருப்பீர்கள். இதற்கு மார்க்கத்தில் விடை தேடுவோருக்கு முதலில் ஒரு தடுமாற்றம் ஏற்படக்கூடும். உண்மை தம் பக்கமே இருந்தும் வீண் தர்க்கத்தைக் கைவிடுபவருக்குச் சுவனத்தில் இல்லம் உண்டென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியதாக அபூதாவூது ஹதீஸ் தொகுப்பில் காண்கிறோம். அதே வேளையில், சாட்சியத்தை மறைப்பது பாவமென்று திருமறையின் இரண்டாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. தர்க்கத்தை விட்டுவிடு என்கிறது ஒன்று. அறிந்ததை மறைக்காதே என்கிறது மற்றொன்று. இவ்விரண்டும் எவ்வாறு பொருந்தும்?

வாதம் வேறு, சாட்சியம் வேறு என்று பிரித்தறிந்தால் இவை பொருந்தும். வாதம் எதிரே இருப்பவரை வெல்லப் பார்க்கிறது. சாட்சியம் நடந்ததைக் காக்கப் பார்க்கிறது. வாதத்திற்கு எதிராளியின் சம்மதம் தேவை. சாட்சியத்திற்கு அது தேவையில்லை. இதனை இஸ்லாமிய வரலாற்றின் தொடக்க காலத்திலேயே தெளிவாகக் காணலாம்.

கி.பி. 657-இல் நிகழ்ந்த ஸிப்பீன் போரின் முடிவில், பிணக்கைத் தீர்க்க நடுவர்களை நியமிக்க ஹஜ்ரத் அலி (ரலி) அவர்கள் இணங்கினார்கள். தீர்ப்பு இறைவனுக்கே உரியது, மனிதரை நடுவராக்கியது குற்றம் என்று கூறி ஆயிரக்கணக்கானோர் அவர்களை விட்டுப் பிரிந்து, கூபா நகருக்கு அருகிலுள்ள ஹரூரா என்னுமிடத்தில் தங்கினர். இவர்களே பிற்காலத்தில் காரிஜிகள் எனப்பட்டனர். இவர்களிடம் பேசச் சென்றவர் அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள்.

அவர் அழகிய எமன் தேசத்து ஆடை அணிந்து சென்றார். கூடியிருந்தோர் முதலில் அந்த ஆடையையே குறை கூறினர். அதற்குச் சுருக்கமாக விடையளித்துவிட்டு, தாம் வந்த காரியத்திலேயே அவர் கண்ணாயிருந்தார். குறைஷியரோடு தர்க்கம் செய்ய வேண்டாமென்று சிலர் மற்றவர்களைத் தடுத்தனர். சிலர் மட்டும் பேச முன்வந்தனர். அவர்கள் கூறிய மூன்று குறைகளையும் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் முழுமையாகக் கேட்டார். கேட்டவுடன் விடை சொல்லத் தொடங்கிவிடவில்லை. இறைவேதத்திலிருந்தும் நபிவழியிலிருந்தும் ஆதாரம் காட்டினால் ஏற்றுத் திரும்புவீர்களா என்று முதலில் வினவினார். அவர்கள் ஆம் என்றனர். எடைக்கல் எதுவென்று இருதரப்பும் ஒப்புக்கொண்ட பின்னரே பேச்சு தொடங்கியது.

கணவன் மனைவி பிணக்கிற்கும் மனிதரை நடுவராக வைக்கத் திருமறையே பணிப்பதை அவர் எடுத்துக்காட்டினார். உடன்படிக்கையில் தம் பட்டத்தை அலி (ரலி) அவர்கள் நீக்கச் சம்மதித்தது குற்றமென்றால், ஹுதைபிய்யாவில் இறைத்தூதர் என்னும் சொல்லையே நபிகளார் நீக்கச் சம்மதித்ததை நினைவூட்டினார். ஆறாயிரம் பேரில் இரண்டாயிரம் பேர் அன்று திரும்பி வந்ததாக ஓர் அறிவிப்பு கூறுகிறது. எஞ்சியோர் திரும்பவில்லை.

திரும்பாதவர்களை என்ன செய்வது? அவர்களாகப் போர் தொடங்காத வரையில் பள்ளிவாசலைவிட்டுத் தடுப்பதில்லை, பொது நிதியில் அவர்களுக்குரிய பங்கை நிறுத்துவதில்லை, அவர்கள்மீது படையெடுப்பதில்லை என்று அலி (ரலி) அவர்கள் அறிவித்தார்கள். அவர்கள் நிரபராதிகளைக் கொல்லத் தொடங்கிய பின்னரே 658-இல் நஹ்ரவான் போர் மூண்டது.

இந்நிகழ்ச்சியில் மூன்று பாடங்கள் உள்ளன. அளவுகோலை முதலில் ஒப்புக்கொள்ளச் செய்தல் ஒன்று. பேசுபவர் சிலராயினும், சூழ நின்று கேட்பவர் பலர் என்பதை மறவாதிருத்தல் மற்றொன்று. உடன்படாதவரின் உரிமையைப் பறியாதிருத்தல் மூன்றாவது. கேட்பதற்கு இவை எளியவை. ஆனால், மறுக்கப்படுவது நம் சொந்தப் பிள்ளைகளின் மரணமாக இருந்தால்? இந்தச் சோதனை நம் காலத்தில் ஐரோப்பாவிலுள்ள போஸ்னிய முஸ்லிம்களுக்கு வாய்த்தது.

கிழக்குப் போஸ்னியாவில் மலைகளுக்கிடையே உள்ள சிற்றூர் ஸ்ரெப்ரெனிட்சா. 1993-இல் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை அதனைப் பாதுகாப்பு மண்டலமென அறிவித்தது. 1995 ஜூலை 11-ஆம் நாள் ராட்கோ ம்லாடிச் தலைமையிலான போஸ்னிய செர்பியப் படை அவ்வூரைக் கைப்பற்றியது. அடுத்த சில நாட்களில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். கிராவிட்சா என்னும் சிற்றூரின் கிடங்கு ஒன்றில் மட்டும் ஆயிரம் பேரளவில் மாண்டனர். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில், குற்றத்தை மறைக்கும் பொருட்டுப் புதைகுழிகள் இயந்திரங்களால் தோண்டப்பட்டு, உடல்கள் வேறு குழிகளுக்கு மாற்றப்பட்டன. இதனால் ஒரே மனிதரின் எலும்புகள் பல இடங்களில் சிதறிக் கிடந்தன.

போர் ஓய்ந்தபின் அந்த ஊர், போஸ்னியாவிற்குள் செர்பியர் ஆளும் ஸ்ர்ப்ஸ்கா குடியரசு என்னும் பகுதியில் அமைந்தது. அங்கிருந்து 2002-இல் வந்த ஓர் அதிகார அறிக்கை, மாண்டவர் ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே, அவர்களும் பெரும்பாலும் போரில் மடிந்த வீரர்களே என்றது. மனித உரிமை நீதிமன்றத்தின் ஆணைக்கிணங்க அமைந்த மற்றொரு குழு, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டதை 2004-இல் ஒப்புக்கொண்டது. அப்பகுதி அரசும் அதே ஆண்டில் மன்னிப்புக் கேட்டது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2018 ஆகஸ்டில், அப்பகுதிச் சட்டமன்றம் அவ்வறிக்கையையே தள்ளுபடி செய்தது. ஒருமுறை ஒப்புக்கொண்டதையும் மறுக்க முடியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இத்தகைய மறுப்பிற்கு எதிரில் அந்த ஊர்த் தாய்மார்கள் என்ன செய்தார்கள்? மேடையேறித் தர்க்கம் செய்வதை மட்டும் அவர்கள் நம்பியிருக்கவில்லை. உறவினர் பலர் தங்கள் இரத்தத்தின் மாதிரியைக் கொடுத்தார்கள். காணாமற்போனோருக்கான சர்வதேச ஆணையம் அதனைத் தோண்டியெடுத்த எலும்புகளோடு மரபணு வழியே ஒப்பிட்டு, ஏறத்தாழ ஏழாயிரம் பேரை அடையாளங்கண்டது. இரண்டாயிரமே என்றவர்களுக்கு விடையாக ஏழாயிரம் பெயர்கள் நிற்கின்றன. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கல்லறை, ஒவ்வொரு கல்லறைக்கும் ஒரு குடும்பத்தின் இரத்தம் சான்று.

சாட்சியம் எதிர்த் தரப்பிலிருந்தும் வந்தது. ட்ராஜென் எர்தெமோவிச் என்னும் வீரர், ஒரு பண்ணையில் கைதிகளைச் சுட்டுக்கொன்றதில் தமக்கிருந்த பங்கை 1996-இல் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் தாமே ஒப்புக்கொண்டார். 2005 ஜூனில், ஸ்ரெப்ரெனிட்சாவைச் சேர்ந்த ஆறு பேரைச் செர்பிய ஆயுதக் குழு ஒன்று சுட்டுக்கொல்லும் படக்காட்சி அந்நீதிமன்றத்தில் காட்டப்பட்டது. அதனைத் தேடிப் பெற்று வெளிக்கொணர்ந்தவர் பெல்கிரேடைச் சேர்ந்த மனித உரிமைப் பணியாளர் நடாஷா காண்டிச். அவரும் செர்பியப் பெண்மணியே. செர்பியத் தொலைக்காட்சியில் அக்காட்சி ஒளிபரப்பாயிற்று, சிலர் கைதாயினர், 2007-இல் பெல்கிரேடு நீதிமன்றமே நால்வரைத் தண்டித்தது. 2010 மார்ச்சில் செர்பிய நாடாளுமன்றம் அக்குற்றத்தைக் கண்டித்துத் தீர்மானம் இயற்றியது. இனப்படுகொலை என்னும் சொல் அதில் இல்லை. ஆயினும், 1995-இல் எண்ணிப் பார்க்கவும் இயலாத தொலைவை அத்தேசம் அன்று கடந்தது.

வாசகர்கள் இங்கே ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். பிடிவாதமாக மறுத்தவர்களுள் பலர் இன்றும் மறுக்கின்றனர். சாட்சியம் அவர்களை மாற்றவில்லை. அவர்களைச் சுற்றி நின்று, இரு பக்கமும் சேராமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான் அது மாற்றியது. ஹரூராவில் வாய் திறந்து பேசியவர் சிலர். மனம் மாறி எழுந்து வந்தவர் இரண்டாயிரம் பேர் அல்லவா?

அப்படியானால், மறுப்பவர்களோடு அரசியலே பேசக் கூடாதா? ஸ்ரெப்ரெனிட்சாவில் அவ்வாறு இருக்க முடியாது. கணவரையும் இரண்டு புதல்வர்களையும் இழந்த ஹதீஜா மெஹ்மெடோவிச் போன்ற தாய்மார்கள் அந்த ஊருக்கே திரும்பிச் சென்று வாழ்ந்தார்கள். இனப்படுகொலையை ஏற்காத ஒருவர் 2016-இல் அந்நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சாலைக்கும் குடிநீருக்கும் பள்ளிக்கூடத்திற்கும் அவர் தலைமையிலான நிர்வாகத்தையே முஸ்லிம்களும் அணுக வேண்டியிருந்தது. கல்லறையை மறுப்பவர் என்பதற்காகக் குழாய்நீரைப் பற்றிப் பேசாதிருந்தால் தாகம் யாருக்கு?

ஆகவே, விவாதத்திற்குரியது எது, விவாதத்திற்கு அப்பாற்பட்டது எது என்று வரையறுத்துக்கொள்வதே வழியாகும். சாலை எங்கே போட வேண்டும் என்பது விவாதத்திற்குரியது. இனப்படுகொலையை மறுப்பதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கி 2021 ஜூலையில் சர்வதேசப் பிரதிநிதி பிறப்பித்த சட்டம் அறிவுடைமையா என்பதும் விவாதத்திற்குரியதே. சட்டம் வாயை அடைக்கலாம், உள்ளத்தைத் திருப்புமா என்று நல்லோர் ஐயுறுவதும் உண்டு. ஆனால், அந்த எண்ணாயிரம் பேர் கொல்லப்பட்டார்களா என்பதை விவாத மேடையில் வைக்கலாகாது. வைத்தால் அது இரு கருத்துக்களுள் ஒன்றாகிவிடும். மறுப்பவர் விரும்புவதும் அதுவே. அவருக்கு வெற்றி தேவையில்லை, சந்தேகம் ஒன்றே போதும்.

இன்னொரு கடமையும் உண்டு, அது கசப்பானது. தனக்கே எதிராயினும், பெற்றோருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள் என்பது திருமறையின் நான்காம் அத்தியாயம் தரும் கட்டளையின் பொருள். முன்னே கூறிய அதே கிராவிட்சா சிற்றூரை 1993 ஜனவரி 7-ஆம் நாள், செர்பியரின் கிறிஸ்துமஸ் திருநாளன்று, முஸ்லிம் தரப்புப் படையினர் தாக்கினர். செர்பியர் பலர் மாண்டனர். போரில் ஈடுபடாத பொதுமக்களும் அவர்களுள் இருந்தனர். இதன் அளவும் 1995-இல் நடந்ததன் அளவும் ஒன்றல்ல. ஒன்றைக் காட்டி மற்றதை நியாயப்படுத்தவும் இயலாது. ஆயினும், நம் இறந்தோரை எண்ணுங்கள் என்று கேட்கும் நாவு, அவர்களின் இறந்தோரை எண்ணத் தயங்கலாகாது. தயங்கினால் நம் கையிலிருப்பதும் கள்ளத் தராசே.

அன்பர்களே! அடுத்த முறை உண்மையையே மறுக்கும் ஒருவர் உங்களை வாதத்திற்கு அழைக்கும்போது, இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கேட்டதைக் கேளுங்கள்: எந்த ஆதாரத்தைக் காட்டினால் ஏற்றுக்கொள்வீர்? அவர் ஒன்றைக் கூறினால் பொறுமையோடு அமர்ந்து பேசுங்கள், அந்நேரம் வீணாகாது. எதைக் காட்டினாலும் ஏற்கேன் என்றால், அறிந்ததை ஒரே முறை, சூழ இருப்போர் கேட்கும்படி, சினமின்றிக் கூறிவிட்டு, சலாம் சொல்லி எழுங்கள். மறுநாள் அவர் வீட்டில் நோய் என்றால் நலம் விசாரிக்கச் செல்லுங்கள். வாதத்தை விட்டவர் ஆவீர்கள். சாட்சியத்தை விட்டவர் ஆகமாட்டீர்கள்.

ஸ்ரெப்ரெனிட்சாவை அடுத்த பொட்டோச்சாரியில் 2003 முதல் அந்த மாண்டோர் நல்லடக்கம் செய்யப்பட்டு வருகின்றனர். இதுவரை 6,700-க்கும் மேற்பட்ட வெண்கற்கள் அங்கே நிற்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11-ஆம் நாள் புதிதாய் அடையாளங்காணப்பட்டோருக்கு ஜனாஸாத் தொழுகை நடைபெறுகிறது. முன்பே அடக்கமானவரின் எலும்பு மேலும் ஒன்று கிடைத்தால், அக்கல்லறையை மீண்டும் திறந்து அதனைச் சேர்த்து மூடுகிறார்கள். மறுப்பவர்கள் மறுத்துக்கொண்டிருக்க, அவர்கள் அந்தப் பணியைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.