பல்லூடகமும் கல்வியும்

கடலைக் கண்டிராத ஒருவருக்கு அலையின் இயல்பைச் சொற்களால் மட்டும் விளக்குவது அரிது. படம் அதன் வடிவைக் காட்டும். ஒலி அதன் முழக்கத்தை உணர்த்தும். காணொலி அதன் இயக்கத்தைக் கண்முன் நிறுத்தும். எழுத்து, ஒலி, படம், அசைவூட்டம், காணொலி ஆகியவற்றை ஒருங்கிணைத்துக் கருத்தை வழங்கும் முறையே பல்லூடகம் எனப்படும்.

வளர்ந்த வரலாறு

இந்தியாவில் 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம் செயற்கைக்கோள்வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை நடைபெற்றது. ஆறு மாநிலங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 2400 சிற்றூர்களில் மக்கள் ஒன்றுகூடிக் கல்வி, வேளாண்மை, உடல்நலம் சார்ந்த நிகழ்ச்சிகளைக் கண்டனர். தமிழ்நாட்டில் 2018ஆம் ஆண்டு வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது.

கற்றலில் பல்லூடகம்

இதயத்தின் நான்கு அறைகளிலும் குருதி பாயும் முறையை அசையாப் படத்தைவிட அசைவூட்டம் தெளிவாக விளக்குகிறது. புரியாத இடத்தில் நிறுத்தவும், மீண்டும் காணவும் இயல்வதால் மாணவர் தத்தம் வேகத்திற்கேற்பக் கற்கலாம். பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குத் திரைபடிப்பான் மென்பொருள் எழுத்தை ஒலியாக மாற்றித் தருகிறது. பிறர் படித்துக் காட்டும்வரை காத்திருந்தோர், விரும்பிய நேரத்தில் விரும்பிய நூலைத் தாமே கற்கும் உரிமையை இதனால் பெறுகின்றனர்.

பெருந்தொற்று உணர்த்திய பாடம்

2020 மார்ச்சில் கொரோனா பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, திரையே வகுப்பறையாயிற்று. எனினும், ஒரே திறன்பேசியைப் பிள்ளைகள் பலர் பகிர்ந்துகொண்ட வீடுகளும், இணைய இணைப்பு எட்டாத மலையூர்களும் இருந்தன. தொழில்நுட்பம் இருப்பதும் அஃது அனைவரையும் சென்றடைவதும் வேறுவேறு என்பது அப்போது புலனாயிற்று. கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'த் திட்டத்தில், தன்னார்வலர்கள் மாணவர்தம் குடியிருப்புகளுக்கே சென்று கற்பித்தனர். திரை பாடத்தைக் கொண்டு சேர்க்கும். மாணவரின் முகக்குறிப்பறிந்து ஐயம் களைய ஆசிரியரே வேண்டும்.

அன்றாட வாழ்வில்

அயல்நாட்டில் பணிபுரியும் தந்தை காணொலி அழைப்பில் குழந்தையின் மழலையைக் கேட்கிறார். உழவர் பயிர்நோயைப் படமெடுத்து அனுப்பி, வல்லுநரின் அறிவுரையைப் பெறுகிறார். அதேவேளையில், செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்படும் போலிக் காணொலிகள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுகின்றன. முடிவின்றித் தொடரும் குறுங்காணொலிகள் படிப்புக்கும் உறக்கத்திற்கும் உரிய நேரத்தைக் கவர்கின்றன. கண்ணால் காண்பதும் பொய்யாகக்கூடிய இக்காலத்தில், கண்டதன் மூலத்தை ஆராய்ந்து மெய்ம்மை தெளிவதும் கல்வியின் கடமையாகும். அத்தெளிவு பெற்றோர்க்கே பல்லூடகம் கருவியாகும். பெறாதோரை அதுவே தன் கருவியாக்கிக்கொள்ளும்.