நாடியை உற்றுக் கேட்ட வைத்தியர்

ஒரு மனிதன் திடகாத்திரமாகவே இருக்கிறான். ஆயினும் அவனுடைய நாடி ஒரு முறை துடித்து மறுமுறை துடிப்பதற்குள், நலமுள்ள இன்னொருவனின் நாடி மூன்று முறை துடித்துவிடுகிறது. அவனுக்கு அசைவில் மந்தம், அடிக்கடி தலைச்சுற்று, இடையிடையே காக்கைவலிப்பை ஒத்த சிறு வலிப்பு. இந்த அடையாளங்களை ஒருங்கே கண்டு எழுதிவைத்தவர் மார்க்கோ கெர்பெட்ஸ் என்னும் ஸ்லொவீனிய வைத்தியர்.

ஹாப்ஸ்பர்க் அரசர்களுக்கு உட்பட்டிருந்த கார்னியோலா நாட்டில் 1658ஆம் ஆண்டில் அவர் பிறந்தார். வியன்னாவிலும் பாதுவாவிலும் பொலொன்யாவிலும் மருத்துவம் பயின்று, 1684இல் பட்டம் பெற்று, லியுப்லியானா நகரில் தொழில் புரிந்தார். அந்நகரத்துக் காற்று சுகக்கேடானது என்ற பழிச்சொல்லை மறுத்து 1710இல் தனியாக ஒரு நூலே எழுதினார். ஊர்ப்பற்று வைத்தியரையும் விடுவதில்லை போலும்!

தாம் கண்ட நோய்களை அவர் இலத்தீனில் எழுதி, ஜெர்மானிய அறிஞர்களின் லியோப்போல்டினா கழகத்துக்கு அனுப்பிவந்தார். மேற்கூறிய நோயாளியின் குறிப்பும் அவ்வாறு சென்றதே. அதில் அவர் தரும் அளவுகோலைக் கவனியுங்கள்: மணிக்கூடு அன்று, மற்றொரு மனிதனின் நாடி! மார்பில் வைத்துக் கேட்கும் குழாய் தோன்றுவதற்கு இன்னும் ஒரு நூற்றாண்டு இருந்தது. கையிலே விரல் வைத்துப் பார்ப்பதே அன்றைய வைத்தியரின் கருவி.

அந்த மனிதனுக்கு நேர்ந்தது யாது? இருதயத்தின் மேலறைகளிலே பிறக்கும் தூண்டல் கீழறைகளை அடைந்தால்தான் இரண்டும் இசைந்து துடிக்கும். வழியிலே அது தடைப்பட்டால், கீழறைகள் தம்போக்கில் நிமிடத்துக்கு முப்பது, நாற்பது முறை மட்டும் துடிக்கும். துடிப்பு சற்றே நின்றுபோனால் மூளைக்கு இரத்தம் போதாது. மயக்கமும் வலிப்பும் உண்டாகும். ஆகவே வலிப்பைக் கண்டு மூளையை மட்டும் ஆராய்பவர், நோயின் வேரைக் காணாமலே போகக்கூடும். கெர்பெட்ஸ் இந்த விளக்கத்தை அறிந்தவரல்லர். ஆனால் வலிப்பையும் நாடியையும் அருகருகே வைத்து எழுதினார். பெரிய காரியம் அதுவே.

இன்று இந்நோய்க்கு, துடிப்பை ஊட்டும் சிறு மின்கருவியை உடலினுள்ளே பொருத்துகின்றனர். சுவீடனில் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது 1958இல்; கெர்பெட்ஸ் பிறந்து முந்நூறு ஆண்டுகள் கழித்து.

1718இல் அவர் காலமானார். பாதுவாப் பேராசிரியர் மொர்காக்னி 1761இல் வெளியிட்ட பெருநூலில் கெர்பெட்ஸைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். பின்னர் டப்ளின் நகரில் அடம்ஸ் 1827இலும், ஸ்டோக்ஸ் 1846இலும் இந்நோயை விவரித்தனர். வைத்திய உலகு அதனை அடம்ஸ்–ஸ்டோக்ஸ் நோய் என அழைக்கலாயிற்று. சிலர் மொர்காக்னியையும் சேர்த்துக்கொண்டனர். கெர்பெட்ஸின் பெயரை முதலில் வைத்துச் சொல்வோர் இன்றும் மிகச் சிலரே.