பன்னிரண்டு நாள் விருந்தாளியும் மூடிக்கொண்ட பணப்பையும்

இருபத்தைந்து வருடங்களாக என்னிடம் கராம்பும் சாதிக்காயும் வாங்கி வந்த ஓர் ஆங்கிலேயர் வியாபாரத்தை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றார். 2025 பெப்ரவரியில் மனைவியோடு இலங்கைக்கு வந்தார். முன்பும் பல தடவை வந்தவர்தான். ஆனால் அப்போதெல்லாம் மூன்றே நாள். களஞ்சியத்தைப் பார்ப்பார், சரக்கை முகர்ந்து பார்ப்பார், விமானம் ஏறிவிடுவார். இம்முறை பன்னிரண்டு நாள். "வியாபாரப் பேச்சு வேண்டாம். காலையில் நான் கோல்ப் ஆடுவேன். பின்னேரங்களில் நாங்கள் இருவரும் அவசரமில்லாமல் ஊர் பார்க்க வேண்டும். அதற்கு ஒழுங்கு செய்து தா" என்று எழுதியிருந்தார்.

கோல்ப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பொறளைப் பக்கம் களனிவெளி ரயிலில் போகும்போது ஜன்னலால் கண்ட பச்சைப் புல் மட்டுமே. ரோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் மைதானம் அது. ஆரம்பத்தில் காலிமுகத்திடலில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் 1896 இல் இந்த இடத்துக்கு வந்தார்கள். மைதானத்தை ஊடறுத்துக்கொண்டு தண்டவாளம் போகிறது. ரயில் வந்தால் ஆட்டம் நிற்கும், போன பின் தொடரும். கொழும்பில் தங்கிய இரண்டு நாளில் ஒரு காலைப்பொழுதை அவர் அங்கே கழித்தார். வேலைக்குப் போகிற சனம் ரயில் வாசலில் தொங்கிக்கொண்டு தன்னைப் பார்த்துக் கை காட்டியதைப் பிறகு பல தடவை சொல்லிச் சிரித்தார்.

நம்மவர்களுக்கு உல்லாசப் பயணி என்றால் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்தான். நாற்பது பேர் இறங்குவார்கள். இருபது நிமிடம் நிற்பார்கள். வழிகாட்டி கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அந்த இருபது நிமிடத்துக்குள் விற்றால் விற்றதுதான். கோல்ப் ஆட வருகிறவரின் கணக்கு வேறு. விடியற்காலையில் வெயிலுக்கு முன் தொடங்கினால் 18 குழிகளையும் முடிக்க நான்கு மணித்தியாலத்துக்குக் குறையாது. ஏழெட்டு கிலோமீற்றர் நடை. பையைத் தூக்கிக்கொண்டு கூட நடப்பவரைக் கெடி என்பார்கள். அவருக்குக் கூலி கையோடு கையாகப் போகிறது. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ஆட்டமும் இல்லை, அவசரமும் இல்லை. ஒரு மைதானத்துக்கு இரண்டு மூன்று இரவு தங்குவார்கள். மனைவி ஆடாதவராக இருந்தால் அந்தக் காலை நேரம் முழுவதும் அவருக்குக் கடைத்தெருதான்.

இந்த அம்மணி ஆடாதவர். புறக்கோட்டையில் சிவப்புப் பள்ளிவாசலைப் பார்க்கப் போனவர் அந்தத் தெருக்களிலேயே மூன்று மணித்தியாலம் சுற்றியிருக்கிறார். பித்தளை விளக்கு, சாரம், பிரம்புக் கூடை என்று கை நிறைய வாங்கிக்கொண்டு முச்சக்கர வண்டியில் ஹோட்டலுக்குத் திரும்பினாராம். பேரம் பேசவும் கற்றுக்கொண்டுவிட்டதாகத் தொலைபேசியில் எனக்குப் பெருமையடித்தார்.

மூன்றாம் நாள் கண்டிக்குப் புறப்பட்டார்கள். நான் அக்குறணையில் காத்திருந்தேன். வேன் நான் ஒழுங்கு செய்தது. சாரதியும் நான் அனுப்பியவர்தான். நல்ல பையன், ஆங்கிலமும் கொஞ்சம் பேசுவான்.

பின்னேரம் வந்து இறங்கியதும் அம்மணியின் முகம் சரியில்லை. அவர் மட்டும் சிரித்துக்கொண்டு ஒரு சிறிய பொட்டலத்தை எடுத்து என் மேசையில் வைத்தார். கராம்பு. கண்டி வீதியில் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேன் நின்றிருக்கிறது. மிளகுக் கொடியைக் காட்டியிருக்கிறார்கள், கொக்கோ காயை வெட்டிக் காட்டியிருக்கிறார்கள், கையில் எண்ணெய் தடவி விட்டிருக்கிறார்கள். கடைசியில் கடையறை. அம்மணி இரண்டு போத்தல் எண்ணெயும் கறுவாவும் வாங்கியிருக்கிறார். இவர் தொழில்காரர் அல்லவா, சும்மா பார்ப்போமே என்று ஒரு பொட்டலம் கராம்பு வாங்கியிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் கராம்பு வாங்கி விற்றவர். பொட்டலத்தின் நிறையையும் விலையையும் என் தராசுக்குப் பக்கத்திலேயே வைத்துக் கணக்குப் போட்டார். நூறு கிராமுக்கு அவர் கொடுத்திருந்த பணம், கடைசித் தடவை ஒரு கிலோவுக்கு எனக்குத் தந்ததற்குக் கிட்டத்தட்டச் சமம்.

பகிடியாகத்தான் கேட்டார். "நண்பரே, அப்படியானால் இருபத்தைந்து வருடமாக நீங்கள் எனக்குப் போட்டது எந்த விலை?"

அம்மணி சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

சாரதியைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்காமல் சொன்னான். விற்பனையில் பாதி அவனுக்காம். "நானா, இது எல்லாருடைய வழக்கம்தானே. வேன் முதலாளி தருகிற நாள் கூலியில் என் வீட்டில் அடுப்பு எரியுமா? நீங்கள் பேசிய வாடகையில் எனக்கு எவ்வளவு வருகிறதென்று கேட்டீர்களா?"

கேட்கவில்லை. உண்மையில் நான் கேட்கவில்லை. வாடகையைக் குறைத்துப் பேசியதில் அன்றைக்கு எனக்குச் சந்தோஷம்.

சொல்ல வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. மாத்தளை வீதியோரம் எனக்கு ஒரு சில்லறைக் கடை உண்டு. தொண்ணூறுகளில் அங்கே வேன் நிறுத்துகிற சாரதிகளுக்கு நூற்றுக்கு இருபத்தைந்து நானும் கொடுத்திருக்கிறேன். அந்த இருபத்தைந்தைச் சரக்கின் விலையில்தான் ஏற்றினேன், வேறு எங்கிருந்து கொடுப்பது? பக்கத்துக் கடைக்காரர் முப்பது கொடுக்கத் தொடங்கினார். நான் முப்பத்தைந்து. பிறகு 2019 ஏப்ரல் வந்தது, கொரோனா வந்தது, 2022 இல் பெற்றோல் வரிசை வந்தது. வருகிறவர்கள் குறையக் குறைய, வருகிற ஒரு வேனைப் பிடிக்கக் கொமிஷன் கூடிக்கொண்டே போனது. 2024 இல் மீண்டும் 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் நாட்டுக்கு வந்தார்கள். கூடிய கொமிஷன் மட்டும் கூடிய இடத்திலேயே நின்றுவிட்டது. நான் இந்த ஓட்டத்திலிருந்து முன்பே விலகியது நல்லவன் என்பதால் அல்ல. ஏற்றுமதியில் லாபம் வந்ததால் விலகினேன்.

அன்றிரவு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அம்மணி என் மனைவியோடு குசினியில் நின்று வட்டிலப்பம் செய்யும் விதத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். முகம் கொஞ்சம் தெளிந்தது. மறுநாள் காலை கணவர் ஆடப் போனதும் கண்டி நகரத்துக் கடைகளுக்குக் கூட்டிப் போக என் மனைவி ஆயத்தமாக நின்றாள். "இன்றைக்கு எதுவும் வாங்கப் போவதில்லை, சும்மா நடப்போம்" என்றாராம். பேராதனைப் பூங்காவில் நடந்தார்கள். மரத்தைப் பார்த்தார், பனை வரிசையைப் பார்த்தார், வாசலில் விற்ற ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. துணிக்கடை, மரச் சிற்பக் கடை, வெள்ளிச் சாமான் கடை, எதிலும் கால் வைக்கவில்லை. ஒரு கடையில் நடந்ததற்கு அந்த ஊரிலுள்ள கடைகள் எல்லாம் தண்டம் கட்டின. அந்தக் கடைக்காரர்களுக்குத் தாங்கள் எதை இழந்தோம் என்றுகூடத் தெரியாது. புறக்கோட்டையில் மூன்று மணித்தியாலம் வாங்கிய அதே பெண்மணிதான்!

கணவர் ஆடியது ரஜவெல்லயில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரம். 1999 இல் திறந்த மைதானம் அது. மலைச்சரிவில் புல், கீழே தண்ணீர், அப்பால் நக்கிள்ஸ் மலைகள். நானும் கூடவே நடந்தேன். சப்பாத்து கடித்தது. அவர்களுடைய நாட்டின் உதவியில் கட்டப்பட்ட அணை என்று அவரிடம் சொன்னேன், 1985 இல் திறந்தார்கள் என்றும் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியாதது, பழைய தெல்தெனிய பட்டணம் அந்தத் தண்ணீருக்கு அடியில் இருப்பது. கடும் வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கட்டிடங்கள் தலை காட்டும். என் வாப்பா அந்தக் கடைத்தெருவில்தான் மிளகு வாங்கப் போவார். அங்கே கிராமத்து ஆட்கள் மூட்டையை இறக்கிவிட்டு விலை கேட்காமலே தேத்தண்ணீர் குடிக்கப் போவார்களாம். வாப்பா நிறுத்து, கணக்கெழுதி, பணத்தை எண்ணி வைத்திருப்பாராம். இதைச் சொல்லிக்கொண்டு வந்தபோது, என் கடைக் கொமிஷன் கதையும் வாயில் வந்துவிட்டது. முழுவதையும் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. பந்தை அடித்தார். அது எங்கேயோ புதருக்குள் போனது. கெடிப் பையன் ஓடிப்போய்த் தேடினான். அவன் வரும்வரை நின்றோம்.

"உங்கள் விலை சரியான விலை என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் வேறு இரண்டு பேரிடம் கேட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்றார். பிறகு, "ஆனால் என் மனைவி வேறு யாரிடமும் கேட்டுப் பார்க்கிற ஆளில்லை. அவளுக்கு முகத்தைப் பார்த்து நம்ப வேண்டும்" என்றார்.

நுவரெலியாவில் இரண்டு இரவு. அங்குள்ள கோல்ப் கழகம் 1889 இல் தொடங்கியது. பட்டணத்தின் நடுவிலேயே மைதானம். காலைப் பனியில் புல் வெள்ளையாகக் கிடந்தது. ஸ்வெட்டர் கொண்டுவராத அம்மணிக்குக் குளிர். வேறு வழியில்லாமல் சந்தைப் பக்கம் ஒரு குளிருடுப்புக் கடைக்குப் போனார். வெளியே தொங்கிய ஒவ்வொரு ஸ்வெட்டரிலும் விலை எழுதிய அட்டை குத்தியிருந்தது. ஒன்றை எடுத்தார், எழுதியிருந்ததைக் கொடுத்தார். கடைக்காரர் மீதியை எண்ணிக் கொடுத்து, குளிருக்கு இன்னொரு தொப்பியும் வேண்டுமா என்று கேட்டார். தொப்பி வாங்கினார். பிறகு மகனுக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று, பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு. வேனுக்குப் பைகளைச் சுமந்து வந்தவன் நம்முடைய சாரதி. அவனுக்கு அந்தக் கடையில் ஒரு சதமும் கிடையாது. என்னைப் பார்த்தான், நான் வேறு பக்கம் பார்த்தேன்.

நானுஓயாவில் ரயில் ஏறி எல்லவுக்குப் போனோம், வேன் வீதியால் வந்து சேர்ந்தது. அங்கிருந்து இறங்கி ஹம்பாந்தோட்டை வழியாகக் காலி. ஹம்பாந்தோட்டையில் 2016 இல் ஒரு பெரிய ஹோட்டலோடு திறந்த இன்னொரு மைதானம் உண்டு. முழங்கால் வலிக்கிறது என்று அதை விட்டுவிட்டார். வீதியோரம் மண் சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தோம். சட்டியைக் கழுவித் தரச்சொல்லி அம்மணி லண்டனுக்கு எடுத்துப் போனார்.

காலிக் கோட்டையில் கடைசி மூன்று இரவு. 1988 முதல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிற இடம். பின்னேரத்தில் மதில் மேல் ஒரு சுற்று, வெளிச்சவீட்டுப் பக்கம் பள்ளிவாசல், இறங்கினால் கடைகள். அங்கே என் மச்சான் ஒருவருக்கு மாணிக்கக் கடை இருக்கிறது. நான் வேண்டுமென்றே அதைச் சொல்லவில்லை. அவர்களாகவே மூன்றாம் முறை அந்த வழியால் நடந்தபோது உள்ளே போனார்கள். மச்சான் தேத்தண்ணீர் கொடுத்தார். ஒரு சிறிய நீலக்கல்லை அம்மணி கையில் வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தார். "இன்றைக்கு வாங்க வேண்டாம். கொழும்பில் மாணிக்கக்கல், ஆபரண அதிகாரசபையில் பரிசோதித்துப் பார்க்கலாம். என் ஆளை அனுப்புகிறேன், சரி என்றால் மட்டும் பணம் தாருங்கள்" என்றார் மச்சான். விமானத்துக்கு முதல் நாள் கொழும்பில் அப்படியே நடந்தது, கல்லும் கைமாறியது.

கல்லைக் கொண்டுவந்த பையன் போகும்போது என் கையில் ஒரு கடிதவுறையைத் திணித்தான். மச்சான் கொடுக்கச் சொன்னாராம். உள்ளே என்ன என்று கேட்கத் தேவையில்லை. பழக்கம் பொல்லாதது, சட்டைப் பைக்குள் போய்விட்டது. அவர்களை விமான நிலையத்தில் இறக்கிவிட்டு வரும்வரை அங்கேயே இருந்தது. பிறகு மச்சானுக்குத் தொலைபேசி எடுத்து, திருப்பி அனுப்புகிறேன், அடுத்த தடவை விலையில் குறைத்துவிடு என்றேன். "கோல்ப் மைதானத்தில் நடந்து நடந்து நீயும் துரையாகிவிட்டாயோ?" என்றார். இன்றுவரை அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

என் சில்லறைக் கடையில் இப்போது ஒவ்வொரு சாக்குக்கும் முன்னால் கிலோ விலையும் நூறு கிராம் விலையும் எழுதிய பலகை நிற்கிறது. மகனுக்கு முதலில் விருப்பமில்லை. வேன்கள் நிற்பது குறைந்ததும் உண்மைதான். ஹோட்டல்களிலிருந்து தாங்களாகவே முச்சக்கர வண்டி பிடித்து வருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறார்கள். குறைந்ததை அது இன்னும் ஈடு செய்யவில்லை, மறைக்க மாட்டேன்.

ஆங்கிலேயத் தம்பதி மறுபடியும் வருகிறார்களாம். இம்முறை பதினான்கு நாள், கோல்ப் ஆடுகிற இன்னொரு சோடியும் கூட வருகிறது. நான்கு பேருக்கும் மட்டைப் பைகளுக்கும் பெரிய வேன் வேண்டும். அம்மணி கடிதத்தின் அடியில் தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறார்: அதே சாரதிப் பையன் வேண்டும், எல்லவில் தனக்குக் காய்ச்சல் வந்த இரவில் மருந்துக் கடை தேடி அலைந்தவன் அவன்தான் என்று.

அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன். வேன் முதலாளியை இடையில் வைக்காமல், எங்கேயும் கொமிஷன் எடுக்காமல் ஓடுவதென்றால் நாளுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். யோசித்து ஒரு தொகை சொன்னான். நான் பேசிய பழைய வாடகையில் அவனுக்குக் கிடைத்ததைப் போல மூன்று மடங்கு. கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவன் சொன்னதில் பிழையில்லை. ஆனாலும் வியாபாரி வாய் அல்லவா, கொஞ்சம் குறைத்துச் சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வந்து பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.