ஓடிஸ் ரெட்டிங்: ஐந்து ஆண்டுகளில் ஒரு வாழ்க்கை

ஓடிஸ் ரெட்டிங் பெயர் சொல்லும்படி பாடிய காலம் ஐந்து ஆண்டுகளும் இரண்டு மாதங்களும்தான். 1962 அக்டோபரில் மெம்ஃபிஸ் நகரத்து ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் தொடங்கிய அந்தப் பயணம், 1967 டிசம்பர் 10 அன்று விஸ்கான்சின் மாநிலத்து ஏரி ஒன்றில் முடிந்துபோனது. அப்போது அவருக்கு வயது 26. ரே சார்ல்ஸ், சாம் குக், அரீதா ஃபிராங்க்ளின் என்று சோல் இசையின் முன்னோடிகளைப் பட்டியலிடும் எவரும் ஓடிஸை விட்டுவிடுவதில்லை. ஆனால் பெரும்பாலும் அவருடைய தொண்டையைத்தான் புகழ்கிறார்கள். கரகரப்பும் கெஞ்சலும் கலந்த அந்தக் குரல் பெரிய கொடைதான். அந்தக் குரலைச் சுற்றி ஒரு பாட்டை எப்படிக் கட்ட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது அதைவிடப் பெரிய விஷயம். அது இன்றுவரை போதிய அளவு பேசப்படவில்லை.

அவர் 1941 செப்டம்பர் 9 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் டாசன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை குத்தகை விவசாயி. ஓடிஸ் சிறு குழந்தையாக இருந்தபோதே குடும்பம் மேக்கன் நகருக்குப் பெயர்ந்தது. அருகிலிருந்த ராபின்ஸ் விமானப்படைத் தளத்தில் தந்தைக்கு வேலை கிடைத்தது. தேவாலயத்தில் அவ்வப்போது பிரசங்கமும் செய்வார். வைன்வில் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பாடகர் குழுவில்தான் சிறுவன் ஓடிஸ் பாடப் பழகினான். அமெரிக்கத் தென்மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்களில் பிறந்த பாடகர்கள் பலருக்கும் முதல் பள்ளிக்கூடம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஒருவர் உரக்கப் பாட, சபை முழுவதும் எதிர்க்குரல் கொடுக்கும். அந்தக் காஸ்பல் முறையை ரிதம் அண்ட் ப்ளூஸ் தாளத்தோடு சேர்த்து, கடவுள் இருந்த இடத்தில் காதலியை வைத்தபோது பிறந்ததே சோல் இசை.

தந்தைக்குக் காசநோய் வந்தது. பதினைந்து வயதில் ஓடிஸ் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனார். கிணறு தோண்டினார், பெட்ரோல் நிலையத்தில் நின்றார், கிடைத்த இடத்தில் பாடினார். மேக்கனில் டக்ளஸ் திரையரங்கில் இளைஞர்களுக்கான பாட்டுப் போட்டி நடக்கும். பரிசு ஐந்து டாலர். தொடர்ந்து பதினைந்து வாரம் அவரே வென்றதால், இனி போட்டியில் சேர்ப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே ஊர்க்காரரான பாடகர் லிட்டில் ரிச்சர்டுதான் அன்று அவருக்கு ஆதர்சம். அந்தக் கத்தலையும் துள்ளலையும் அப்படியே பின்பற்றினார். 1960, 61இல் வெளிவந்த அவருடைய முதல் இசைத்தட்டுகளில் ஓடிஸ் இல்லை, லிட்டில் ரிச்சர்டின் சாயல்தான் இருக்கிறது. 1961 ஆகஸ்டில் ஸெல்மா அட்வுட்டை மணந்தார். மேக்கனின் மெர்சர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஃபில் வால்டன் என்ற வெள்ளை இளைஞர் அவருக்குக் கச்சேரிகள் பிடித்துக் கொடுத்தார். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே உணவகத்தில் உட்கார முடியாத ஊரில் அமைந்த அந்தக் கூட்டு, கடைசிவரை உடையவில்லை.

திருப்பம் தற்செயலாக வந்தது. ஜானி ஜென்கின்ஸ் என்ற கிட்டார் கலைஞரின் குழுவில் ஓடிஸ் பாடகர். ஜென்கின்ஸுக்கு மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் நிறுவனத்தில் ஒலிப்பதிவு வாய்ப்பு வந்தது. அவரிடம் கார் ஓட்டும் உரிமம் இல்லை. ஓட்டிக்கொண்டு போனவர் ஓடிஸ். வண்டியிலிருந்து ஒலிபெருக்கிகளை இறக்கி வைத்த இந்த உயரமான இளைஞரை டிரைவர் என்றே ஸ்டாக்ஸ் கலைஞர்கள் நினைத்தார்கள். ஜென்கின்ஸின் பதிவு சரியாக அமையவில்லை. நேரம் மிச்சமிருந்தது. தனக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்று காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்த ஓடிஸை அழைத்தார்கள். முதலில் லிட்டில் ரிச்சர்ட் பாணியில் ஒன்று பாடினார், யாரும் அசையவில்லை. வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதும், தானே எழுதிய மெதுவான காதல் பாட்டைப் பாடினார். கிட்டார் கலைஞரான ஸ்டீவ் க்ராப்பர் பியானோவில் உட்கார்ந்து, தேவாலயத்தில் வாசிப்பதுபோல் ஒவ்வொரு தட்டையும் மும்மூன்றாக உடைத்து வாசித்தார். ‘தீஸ் ஆர்ம்ஸ் ஆஃப் மைன்’ என்ற அந்தப் பாட்டு ரிதம் அண்ட் ப்ளூஸ் தரவரிசையில் 1963இல் இருபதாம் இடத்தைத் தொட்டது. அதோடு லிட்டில் ரிச்சர்டின் நிழல் விலகியது.

ஸ்டாக்ஸ் எப்படிப்பட்ட இடம் என்று தெரிந்துகொண்டால்தான் ஓடிஸின் இசை புரியும். ஜிம் ஸ்டூவர்ட், எஸ்டெல் ஆக்ஸ்டன் என்ற தம்பியும் அக்காளும் மெக்லெமோர் அவென்யூவில் மூடிக்கிடந்த கேப்பிட்டல் திரையரங்கை வாடகைக்கு எடுத்து அதை ஒலிப்பதிவுக் கூடமாக்கினார்கள். இருக்கைகளைப் பிடுங்கினார்களே தவிர, சரிவான தரையை அப்படியே விட்டுவிட்டார்கள். திரை இருந்த மேடையில் கட்டுப்பாட்டு அறை வந்தது. தின்பண்டம் விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை வைத்தார். தெருப் பிள்ளைகள் எந்தப் பாட்டுக்கு ஆடுகிறார்கள் என்று அங்கிருந்தே கண்டுகொள்வார். பின்னணி வாசித்த ‘புக்கர் டி அண்ட் த எம்.ஜி.ஸ்’ குழுவில் இருவர் கறுப்பர், இருவர் வெள்ளையர். முன்கூட்டியே எழுதிய இசைக்குறிப்பு எதுவும் கிடையாது. எல்லோரும் ஒரே கூடத்தில் சேர்ந்து நின்று, வாசித்து, திருத்தி, ஒரே மூச்சில் பதிவு செய்வார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஓடிஸின் மூளை வேலை செய்தது. அவருக்கு இசைக்குறிப்பு எழுதவோ படிக்கவோ தெரியாது. ஆனால் ஒவ்வொரு வாத்தியமும் என்ன செய்ய வேண்டும் என்று தலைக்குள் கேட்டுக்கொண்டிருக்கும். ட்ரம்பெட் கலைஞர் வெய்ன் ஜாக்சன், சாக்ஸபோன் கலைஞர் ஆண்ட்ரூ லவ் ஆகியோரிடம் போய் நின்று, அவர்கள் ஊத வேண்டியதை வாயாலேயே பாடிக் காட்டுவார். ஒருவருக்கு ஒரு வரி, அடுத்தவருக்கு அதன் மேல் இன்னொரு வரி. மற்ற நிறுவனங்களில் பாடகருக்குப் பின்னால் பெண்கள் குழுவாகப் பாடும் இடத்தை ஓடிஸின் பாடல்களில் ஊதுகருவிகளே நிரப்பின. அவர் ஒரு சொல்லை இழுத்து நிறுத்தியதும் அவை பதில் சொல்லும். தேவாலயத்துச் சபையின் எதிர்க்குரல் இங்கே பித்தளையில் ஒலித்தது என்று சொன்னால் மிகையாகாது. 1966இல் வந்த ‘ஃபா ஃபா ஃபா’ பாட்டின் பல்லவியே, ஊதுகருவிகளுக்கு அவர் பாடிக் காட்டும் ஒலிகளிலிருந்து பிறந்ததுதான்.

ஓடிஸின் உச்சம் 1965 ஜூலை 9, 10 தேதிகளில் பதிவான ‘ஓடிஸ் ப்ளூ’ தொகுப்பு. காலை பத்து மணிக்குத் தொடங்கினார்கள். இரவு பத்து மணிக்கு நிறுத்த வேண்டியதாயிற்று, ஏனென்றால் வாத்தியக் கலைஞர்களுக்கு மெம்ஃபிஸ் விடுதிகளில் வாசிக்கும் வேலை இருந்தது. நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, மறுநாள் பிற்பகலுக்குள் முடித்துவிட்டார்கள். பதினொரு பாடல்கள். அவற்றில் மூன்று சாம் குக்குடையவை. சாம் குக் சுட்டுக் கொல்லப்பட்டு அப்போது ஏழு மாதங்கள்தான் ஆகியிருந்தன. தான் மிகவும் மதித்த முன்னோடிக்கு ஓடிஸ் செலுத்திய அஞ்சலி அது. அப்போது புதிதாக வந்திருந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சேட்டிஸ்ஃபாக்‌ஷன்’ பாட்டையும், க்ராப்பர் யோசனை சொல்ல, அதில் சேர்த்தார். கறுப்பர் இசையைக் கேட்டு வளர்ந்த ஆங்கிலேய இளைஞர்களின் பாட்டு, அந்த இசையின் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தது.

அதே தொகுப்பில்தான் அவர் எழுதிய ‘ரெஸ்பெக்ட்’ இருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் ஆண், மனைவியிடம் மரியாதை கேட்கும் பாட்டு. ரிதம் அண்ட் ப்ளூஸ் வரிசையில் நான்காம் இடம் பெற்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து அரீதா ஃபிராங்க்ளின் அதை ஒரு பெண் கேட்பதாக மாற்றி, அந்த ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக உச்சரித்துப் பாடி, 1967 ஜூனில் அமெரிக்காவின் முதல் இடத்துக்குக் கொண்டுபோனார். பாட்டு இனி தனதில்லை என்பதை ஓடிஸ் மேடையிலேயே சிரித்தபடி ஒப்புக்கொண்டார். அரீதாவின் வடிவம்தான் சிறந்தது. இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை. ஆனாலும் அந்த வரிகளின் எலும்புக்கூடு ஓடிஸுடையது.

பிறர் பாட்டைத் தன்னுடையதாக்கும் வித்தை அவருக்கும் கைவந்ததுதான். ‘ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்’ 1932இல் எழுதப்பட்டது. பிங் க்ராஸ்பி போன்றவர்கள் இதமாகப் பாடிய பழைய பாட்டு. 1966இல் ஓடிஸ் அதை எடுத்தபோது, தொடக்கத்தில் ஊதுகருவிகள் மட்டும் துக்கமாக ஒலிக்கின்றன. குரல் ஏறக்குறைய பேச்சாக நுழைகிறது. பிறகு டிரம்ஸ் கலைஞர் அல் ஜாக்சன் மத்தளத் தோலைத் தொடாமல் அதன் விளிம்பை மட்டும் குச்சியால் தட்டத் தொடங்குகிறார், கடிகாரம் ஓடுவதுபோல். ஆர்கன் சேர்கிறது, கிட்டார் சேர்கிறது. தாளம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கடைசி ஒரு நிமிடத்தில் எல்லாமே வெடித்துக் கிளம்புகிறது. சொற்கள் உடைந்து வெறும் அசைகளாகிவிடுகின்றன. மூன்றே முக்கால் நிமிடத்தில் முணுமுணுப்பிலிருந்து கூக்குரல் வரை ஏறுவதற்கு, எந்த இடத்தில் எதைப் பிடித்துவைக்க வேண்டும் என்ற கணக்கு வேண்டும். ஓடிஸை அறிய ஒரே ஒரு பாட்டு கேட்க வேண்டுமென்றால் இதைத்தான் கேட்க வேண்டும்.

1967 அவருக்கு வெற்றி மேல் வெற்றியாக வந்தது. வசந்த காலத்தில் ஸ்டாக்ஸ் கலைஞர்களோடு ஐரோப்பா சென்றார். லண்டனிலும் பாரிஸிலும் அரங்குகள் நிரம்பின. அந்த ஆண்டு இங்கிலாந்தின் ‘மெலடி மேக்கர்’ இசை இதழின் வாசகர்கள், எல்விஸ் பிரெஸ்லியை ஒதுக்கிவிட்டு ஓடிஸை உலகின் சிறந்த ஆண் பாடகராகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூன் 17 இரவு கலிபோர்னியாவின் மான்டரே இசை விழாவில் ஐந்தே பாடல்கள் பாடினார். எதிரே இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளை இளைஞர்கள்; அவர்களில் பலருக்கு அவர் யாரென்றே தெரியாது. நிகழ்ச்சி முடிந்தபோது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பணத்தையும் அவர் சிதறவிடவில்லை. 1965இல் மேக்கனுக்கு வடக்கே ஏறத்தாழ 300 ஏக்கர் பண்ணை வாங்கிக் குடும்பத்தை அங்கே குடியமர்த்தினார். தன் பாடல்களுக்கான பதிப்புரிமை நிறுவனத்தில் பங்கு வைத்துக்கொண்டார். சொந்த இசைத்தட்டு முத்திரை தொடங்கி, ஆர்தர் கான்லி என்ற இளம் பாடகரை வளர்த்தார். இருவரும் சாம் குக்கின் மெட்டு ஒன்றிலிருந்து உருவாக்கிய ‘ஸ்வீட் சோல் மியூசிக்’ 1967இல் இரண்டாம் இடம் வரை ஏறியது. கறுப்பினப் பாடகர்கள் பலர் தம் உழைப்பின் பலனை நிறுவனங்களிடம் இழந்துகொண்டிருந்த காலத்தில் இது சாதாரணத் துணிச்சல் அல்ல.

இடைவிடாத கச்சேரிகளால் தொண்டையில் சதை வளர்ந்தது. 1967 இலையுதிர் காலத்தில் அறுவை சிகிச்சை. பல வாரங்கள் பாடக் கூடாது. அதற்கு முன்பே, சான் பிரான்சிஸ்கோ கச்சேரிகளுக்காக வந்து சாசலிட்டோவில் ஒரு படகு வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு பாட்டின் தொடக்கம் அவருக்குத் தோன்றியிருந்தது: துறைமுகத்தில் வெறுமனே உட்கார்ந்து கப்பல் வருவதையும் போவதையும் பார்க்கும் ஒருவன். ‘சிட்டிங் ஆன் த டாக் ஆஃப் த பே’ பாட்டை க்ராப்பரோடு சேர்ந்து முடித்து, நவம்பர், டிசம்பரில் பதிவு செய்தார். கெஞ்சல் இல்லை, கூக்குரல் இல்லை. ஜிம் ஸ்டூவர்ட்டுக்குப் பிடிக்கவில்லை. இது ஓடிஸ் பாட்டு மாதிரியே இல்லை என்று நெருங்கியவர்களும் தயங்கினார்கள். அவர் மட்டும் இதுதான் தன் முதல் பெரிய வெற்றி என்று நம்பினார். கடைசிப் பகுதிக்குச் சொற்கள் ஆயத்தமாக இல்லாததால் சீட்டியடித்தார். அந்தச் சீட்டி அப்படியே நின்றுவிட்டது.

டிசம்பர் 10, ஞாயிறு. க்ளீவ்லாந்தில் கச்சேரி முடித்து, தன் சொந்தச் சிறு விமானத்தில் மேடிசன் நகருக்குப் புறப்பட்டார். மழையும் மூடுபனியும். தரையிறங்கச் சில மைல் தூரமே இருக்கையில் விமானம் மொனோனா ஏரியில் விழுந்தது. எட்டுப் பேரில் ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் நால்வர் அவரோடு வாசித்துவந்த பார்கேஸ் குழுவின் இளைஞர்கள். இருக்கை மெத்தையைப் பற்றிக்கொண்டு மிதந்த ட்ரம்பெட் கலைஞர் பென் காலி மட்டும் பிழைத்தார். விபத்துக்கான காரணம் உறுதியாகக் கண்டறியப்படவில்லை. டிசம்பர் 18 அன்று மேக்கன் நகர அரங்கத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஆயிரக்கணக்கில் மக்கள் திரண்டனர். உடல் அவருடைய பண்ணையிலேயே அடக்கம் செய்யப்பட்டது.

துக்கம் ஆறும் முன்பே க்ராப்பர் அந்தக் கடைசிப் பாட்டை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அலையோசையையும் கடற்பறவைகளின் ஒலியையும் சேர்த்தார். 1968 ஜனவரியில் வெளியான பாட்டு மார்ச்சில் அமெரிக்கத் தரவரிசையின் முதல் இடத்துக்கு வந்து நான்கு வாரம் நின்றது. பாடகர் இறந்தபின் அங்கே முதல் இடம் பெற்ற முதல் பாட்டு அதுதான். இரண்டு கிராமி விருதுகளும் கிடைத்தன.

ஸ்டாக்ஸுக்கு அந்த ஆண்டு அடி மேல் அடி. ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங், மெம்ஃபிஸில் ஸ்டாக்ஸ் கலைஞர்கள் கூடிப் பாட்டெழுதும் லொரெய்ன் விடுதியில் கொல்லப்பட்டார். மே மாதம் அட்லாண்டிக் நிறுவனத்துடனான விநியோக ஒப்பந்தம் முறிந்தது. 1965இல் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது: விநியோகம் செய்த ஒலிநாடாக்கள் அனைத்தும் அட்லாண்டிக்குக்கே சொந்தம். அதனால் அந்தச் சரிவான தரையில் நின்று ஓடிஸ் பாடிய பதிவுகள் ஸ்டாக்ஸின் கையை விட்டுப் போயின. 1975இல் நிறுவனம் திவாலாகி மூடப்பட்டது. திரையரங்குக் கட்டடம் 1989இல் இடிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் ஓடிஸுக்கு இடம் அளிக்கப்பட்டது. அவரை அங்கே வரவேற்றுப் பேசியவர், மேக்கனின் லிட்டில் ரிச்சர்ட். கட்டடம் நின்ற மனையில் 2003 முதல் ஸ்டாக்ஸ் சோல் இசை அருங்காட்சியகம் இயங்கிவருகிறது.