பாக்கெட்டில் இருக்கும் எண்ணும் குடலில் இருக்கும் பாக்டீரியாவும்



கடையில் கப் ஐஸ் வாங்கினால் மூடியை நக்கிவிட்டுத் தூக்கிப் போடுகிறோம். கப்பின் ஓரத்தில் பொடி எழுத்தில் 412, 466, 471 என்று சில எண்கள் இருக்கும். அவை உணவில் சேர்க்கும் பொருள்களுக்கு உலகம் முழுவதும் வைத்திருக்கும் அடையாள எண்கள். 412 என்றால் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்து. 466 என்றால் கார்பாக்சி மெத்தில் செல்லுலோஸ். இவை என்ன வேலை செய்கின்றன?

மெக்கானிக்கல் மாணவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். லேத்தில் ஊற்றும் கூலன்ட் ஆயிலைத் தண்ணீரில் விட்டால் பால் போல வெள்ளையாகக் கலந்து விடுகிறது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாதே, இது மட்டும் எப்படி? அந்த ஆயிலில் எமல்சிஃபையர் என்ற பொருள் கலந்திருக்கிறது. ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் கொழுப்பும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைப்பதும் இதே மாதிரியான வேலைதான். பொருள் வேறு, தத்துவம் ஒன்று.

நான் இதைப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் எங்கள் சித்தப்பா. மலத்தில் ரத்தமும் சீதமும் போனது. பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டும் ஒரு வைத்தியர் மூலம் என்று சொல்லி ஒரு வருஷம் மருந்து கொடுத்தார். ஆள் பாதியாக இளைத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரியில் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்து ‘அல்சரேடிவ் கோலைடிஸ்’ என்றார்கள். பெருங்குடலின் உள்பக்கம் புண்ணாகும் நோய். இதற்குக் கூடப்பிறந்தது மாதிரி ‘கிரோன்ஸ்’ என்று இன்னொன்று உண்டு. அது வாயிலிருந்து ஆசனவாய் வரை எங்கும் வரலாம். இரண்டையும் சேர்த்துக் குடல் அழற்சி நோய் என்கிறார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் ஃபைலை என் கையில் கொடுத்து, “நீதானப்பா படிச்சவன், என்ன சாப்பிடலாம், என்ன சாப்பிடக் கூடாதுன்னு பாத்துச் சொல்லு” என்றார் அப்பத்தா.

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பெருங்குடலில்தான். நாம் செரிக்காமல் விடும் நார்ச்சத்தை அவை தின்று சில அமிலங்களைக் கொடுக்கின்றன. அதில் பியூட்டிரேட் என்பதுதான் பெருங்குடல் செல்களுக்கு முக்கிய எரிபொருள். ஆனால் பாக்டீரியா குடல் சுவரைத் தொடக் கூடாது. ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே ஆயில் படலம் இருப்பது போல, நடுவே ஒரு சளிப்படலம் இருக்கிறது. படலம் போனால் உரசல், உரசினால் சூடு. குடலில் அந்தச் சூட்டுக்குப் பெயர் அழற்சி.

2015-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெனுவா ஷசேங், ஆண்ட்ரூ கெவிர்ட்ஸ் ஆகியோர் ஒரு சோதனை செய்தார்கள். எலிகள் குடிக்கும் தண்ணீரில் 466-ஐயும், பாலிசார்பேட் 80 என்ற 433-ஐயும் நூற்றுக்கு ஒரு பங்கு தனித்தனியாகக் கலந்து 12 வாரம் கொடுத்தார்கள். பாக்டீரியா சளிப்படலத்துக்குள் நுழைந்தது. நோய் வரும் உடல்வாகுள்ள எலிகளுக்குக் குடல் அழற்சி அதிகமானது. பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கோ ஒன்றும் ஆகவில்லை! ஆக, பொருள் நேராகக் குடலைப் புண்ணாக்கவில்லை. பாக்டீரியாவை மாற்றி, அதன் வழியாகத்தான் கெடுக்கிறது.

எலிக்கு வந்தால் மனுஷனுக்கும் வருமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022-ல் ஆரோக்கியமான 16 பேரை வைத்து 11 நாள் பார்த்தார்கள். 466-ஐ நாளுக்கு 15 கிராம் சாப்பிட்டவர்களுக்கு நல்ல அமிலங்கள் குறைந்தன. அதில் இரண்டு பேருக்குப் பாக்டீரியா சளிப்படலத்துக்குள் நெருங்கி வந்திருந்தது. ஆனால் 15 கிராம் என்பது நாம் சாதாரணமாகச் சாப்பிடுவதைவிட அதிகம். யாருக்கும் நோய் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இந்தியா உட்பட 21 நாடுகளில் 1,16,087 பேரைப் பல வருஷம் கவனித்த ஆய்வு 2021-ல் வெளியானது. தினமும் ஐந்து முறை அல்லது அதற்கு மேல் தொழிற்சாலைப் பண்டங்களைச் சாப்பிட்டவர்களுக்கு, ஒரு முறைக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இந்த நோய் சுமார் 1.8 மடங்கு வந்தது. சித்தப்பாவுக்கு ஐஸ்கிரீமால்தான் வந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. பரம்பரை, சுற்றுச்சூழல் என்று பல காரணம் சேர்ந்தே இந்த நோய் வருகிறது.

அனுமதி பெற்ற பொருள் வேறு, கலப்படம் வேறு என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு தடை செய்த ரோஸ் கலர் பஞ்சு மிட்டாயில் இருந்தது ரோடமின்-பி என்ற சாயம். அதற்கு உணவில் இடமே கிடையாது.

சரி, எதைச் சாப்பிடுவது? 2000-ல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், காலரா நோயாளிகளுக்குக் கொடுக்கும் உப்புக் கரைசலில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தைச் சேர்த்தார்கள். பேதி குறைந்தது. குடல் பாக்டீரியா அந்த மாவை அமிலமாக்க, பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டது. சோறு ஆறும்போதும் இந்த வகை மாவுச்சத்து கொஞ்சம் உண்டாகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் அரசு நிதியோடு பழைய சோற்றையும் குடல் நோயையும் பற்றி ஆராய்ச்சி செய்யப் போவதாக 2021-ல் அறிவித்தார்கள். நம் வீட்டு மண்சட்டி ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் பழைய சோறு மருந்துக்குப் பதில் ஆகாது. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றுதான் அப்பத்தாவிடம் சொன்னேன். நோய் முற்றியிருக்கும் நேரத்தில் எதைச் சாப்பிடுவது என்பதையும் டாக்டரிடமே கேட்க வேண்டும்.

நண்பர்களே, நான் கேட்பது இரண்டுதான். ஒன்று, பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எண்கள் வரிசையாக நீண்டால் அதைத் தினசரி உணவாக்க வேண்டாம். இரண்டு, வீட்டில் யாருக்காவது மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று நாமே முடிவு கட்ட வேண்டாம். வெட்கப்படாமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நம் மாவட்டத்திலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்களுக்காகப் படித்துச் சொல்வதும் நம் படிப்பின் பயன்தானே!



— மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல்